போர் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒரே வீட்டில்: தொட்டி, குழாய், பராமரிப்பு பற்றி முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. ஒன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர். இன்னொன்று ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்காவின் கடனுதவியோடு 2008-ல் தொடங்கி 2013-ல் திறக்கப்பட்ட திட்டம் அது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) குறைப்பு என்ற சொல் இருக்கிறது. காவிரியிலிருந்து மேடேற்றி பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர் என்று இவ்வளவு தூரம் தண்ணீரைக் கொண்டுவரக் காரணமே நம் மண்ணுக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடுதான்.

அப்படி வந்த தண்ணீரை எத்தனையோ வீடுகளில் போர் தண்ணீர் கிடக்கும் அதே சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) விட்டு, ஒரே தொட்டிக்கு ஏற்றி, ஒரே குழாயில் குடிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைத் தவிர்ப்பதற்காக எழுதியது. தொட்டி, வால்வு, குழாய், கழுவுதல் எல்லாமே கீழே வருகின்றன. ஆனால் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: இந்த இரண்டு தண்ணீரும் உங்கள் வீட்டுக்குள் எங்கேயும் கலக்கக் கூடாது.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே போர் தண்ணீரால் மூன்று முறை அலசி, மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு, கடினத்தன்மை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு), நைட்ரேட் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிச் சோதனை வேண்டுமென்றால் அதற்குச் சுத்திகரித்த தனி பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, அதிகபட்சம் 600. டி.டி.எஸ். 500, அதிகபட்சம் 2000.

பலர் கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு, "350-தான் காட்டுது, நல்ல தண்ணி" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த மீட்டர் ஃப்ளோரைடைக் காட்டாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரு குத்துமதிப்பு சொல்லும், அவ்வளவுதான். 350-ல் ஃப்ளோரைடு 3 இருக்கலாம், 1,200-ல் 0.8 இருக்கலாம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: சோப்பு நன்றாக நுரைத்தால், பருப்பு நன்றாக வெந்தால் அது குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பது. கால்சியம் நிறைய உள்ள தண்ணீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மேல் கரைந்து நிற்காது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த, சோப்பு நன்றாக நுரைக்கிற மென்தண்ணீரில்தான் அது தடையில்லாமல் ஏறும். நாக்குக்கு இனிக்கிற போர் தண்ணீர் சில ஊர்களில் பிள்ளைகளின் பல்லைக் காவியாக்கியிருப்பது இதனால்தான். ருசியையும் நுரையையும் நம்பாதீர்கள், தாளில் வரும் எண்ணைப் பாருங்கள். மழைக்குப் பிறகும் கோடையிலும் அந்த எண் மாறும் என்பதால், வருடம் இரண்டு முறை சோதிப்பது சரியாக இருக்கும்.

எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் வயது அது. முதலில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளைத் திட்டு, பிறகு முன்பல்லின் குறுக்கே மஞ்சள் கோடு, அப்புறம் பழுப்பு. தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, பல்லே அப்படி உருவாகியிருக்கிறது. பெரியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து மூட்டிலும் முதுகெலும்பிலும் தெரியும்.

2. கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். குளோரின், வெள்ளைத்துணி வடிகட்டி, யூ.வி. விளக்கு எதற்கும் ஃப்ளோரைடு அசையாது. அவையெல்லாம் கிருமிக்கும் தூசிக்கும் மட்டுமே. ஆர்.ஓ. எடுக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி எடுக்கும். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டில் இரண்டுமே தேவைப்படாது.

கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு 3, ஒகேனக்கல் தண்ணீரில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். சம்பில் பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. நல்ல தண்ணீர் வீட்டு வாசல் வரை வந்தும், குடித்தது வரம்புக்கு மேல்தான்.

3. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெரிய தொட்டி

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு கணக்கு வைக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் குளியல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்து 500 முதல் 700 லிட்டர் போகும். அதில் குடிக்க, சமைக்க மட்டும் பார்த்தால் 40 லிட்டர் தாராளம். இரண்டு லைன் போடும் யோசனையே இந்த எண்ணில்தான் நிற்கிறது: நல்ல தண்ணீர் தேவைப்படுவது மொத்தத்தில் ஒரு சின்னப் பங்குக்குத்தான்.

உங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறதோ, அதோடு குழாய் உடைப்பு, மின்தடைக்கு என்று மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு நாளைக்கு ஒரு முறை என்றால் ஏழு நாள், நாளைக்கு 40 லிட்டர், ஆக 280 லிட்டர். ஒரு 300 அல்லது 500 லிட்டர் சின்டெக்ஸ் போதும். 2,000 லிட்டருக்கு வாங்கி வைத்தால் தண்ணீர் வாரக்கணக்கில் கிடக்கும், குளோரின் வாசம் போய்விடும், அடியில் வழவழப்பு கட்டும். குடிநீர்த் தொட்டி சின்னதாக இருந்து அடிக்கடி காலியாகி நிரம்புவதே ஆரோக்கியம்.

போர் தண்ணீருக்கான சம்பைக் கொத்தனாரிடம் அடிக்கணக்கில் சொல்ல வேண்டியிருக்கும். நீளம், அகலம், ஆழத்தை அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 6 x 5 x 5 அடி என்றால் 150 கன அடி, ஏறக்குறைய 4,245 லிட்டர். மேலே அரை அடி காலியாகவே நிற்கும் என்பதால் 3,800 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டு லைனைப் பிரிப்பது

புது வீடு என்றால் சுவர் பூசுவதற்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள். பழைய வீட்டிலும் முடியும். சமையலறைக்கு ஒரே ஒரு குழாய்தான் புதிதாக இழுக்க வேண்டும், அதை வெளிச்சுவரிலேயே கொண்டுவரலாம்.

ஒகேனக்கல் இணைப்பு வீட்டு எல்லைக்குள் நுழையும் இடத்தில் திறந்து மூட ஒரு பால் (ball) வால்வு. அங்கிருந்து அழுத்தம் போதுமானால் தரையில் உயர்த்தி வைத்த குடிநீர்த் தொட்டிக்கு நேராக விடுங்கள். போதாது என்றால் தரை மட்டத்தில் தனிச் சின்னத் தொட்டி, அதிலிருந்து அரை எச்.பி. மோட்டாரில் மாடிக்கு. தெரு இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சவே கூடாது. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். குழாயில் உள்வெற்றிடம் உண்டாகும்போது தெருவில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும் என்பது இன்னும் மோசமான பக்கம். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் போகும்.

குடிநீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சமையலறையில் ஒரு குழாய்க்கு மட்டும் போகட்டும், முடிந்தால் சாப்பிடும் இடத்தில் இன்னொன்று. வேறு எங்கும் கிளை வேண்டாம். இந்த லைன் முழுக்க ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வரும் பிளம்பருக்கு எது எது என்று தெரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைப்பதும் அதற்காகத்தான்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு வால்வு வைத்து இணைக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வால்வு தேயும், யாராவது திறந்துவிட்டு மறப்பார்கள், கலப்பது வெளியே தெரியவே தெரியாது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் இரண்டு கேன் வாங்கிக்கொள்வது மேல்.

தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே, ஓவர்ஃப்ளோ ஓட்டையைவிட உயரமாக நிற்க வேண்டும். ஹோஸை சம்புக்குள் முக்கி வைப்பது நம் ஊரில் சாதாரணம். சப்ளை நின்று குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்த ஹோஸ் வழியாகச் சம்புத் தண்ணீர் தெருக்குழாய்க்குத் திரும்பிப் போகும்.

சப்ளை வந்தவுடன் முதலில் வருவது பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். தொட்டிக்கு முன்னால் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வைத்துத் தரைக்குழாய் ஒன்று பொருத்திவிட்டால், தெளியும் வரை அதைத் திறந்து வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

5. சம்ப்

வாய் தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாசல் கழுவும் தண்ணீரும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, முடிந்தால் அதைவிட மேட்டில். தரையை ஒரு மூலைக்குச் சரித்து அங்கே ஒரு சின்னக் குழி விடச் சொல்லுங்கள். வண்டல் அங்கே சேரும், கழுவும்போது வழித்தெடுக்கலாம். ஃபுட் வால்வு (மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) அடியில் உட்காராமல் அரை அடி மேலே இருக்கட்டும்.

6. மாடித் தொட்டி

1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணும் பீமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடி முழுவதும் சமதளத்தில் உட்கார வேண்டும். நான்கு கல்லின் மேல் தூக்கி வைத்தால் கோடை வெயிலில் அடி பிதுங்கி, குழாய் சேரும் நிப்பிள் இருக்கும் இடத்தில் கசியும்.

உயரம்தான் அழுத்தம். பத்து அடிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ. தொட்டி தளத்தின் மேலேயே இருந்தால் கீழ்த்தளத்தில் பிரச்சினை இல்லை, மேல்மாடி ஷவரில் தண்ணீர் சொட்டும். மேல்மாடியில் பாத்ரூம் உண்டென்றால் தொட்டிக்கு ஐந்தாறு அடி உயரத்தில் மேடை கட்டுங்கள். மேடையைச் சேமித்துவிட்டு பிரஷர் பம்ப் வாங்குவது வீண் செலவு.

இறங்கும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வராமல் போவது அடிக்கடி நடக்கும். அதற்குத் தொட்டியின் வெளிவாய்க்கு அடுத்தே ஒரு டீ வைத்து, ஒரு அரை இஞ்ச் குழாயைத் தொட்டியின் உயரத்தைத் தாண்டி மேலே ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டிவிடுங்கள். ஏற்கெனவே அடைத்த லைனுக்கு, மோட்டார் லைனிலிருந்து ஹோஸ் வைத்துக் குழாய் வழியாக மேல்நோக்கித் தள்ளுவார்கள். போர் லைனில் செய்யலாம், குடிநீர் லைனில் செய்யாதீர்கள்.

வெயிலில் கிடக்கும் பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்கள் சில வருடங்களில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெள்ளை பெயின்ட் அடித்தாலே ஆயுள் கூடும். கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைனுக்கு மட்டும் கண்டிப்பாக சி.பி.வி.சி. ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு, மோட்டாரின் இரு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பு. இவை இருந்தால் ஒரு வாஷர் மாற்ற வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

ஓவர்ஃப்ளோ குழாயிலும் மூடியின் இடுக்கிலும் வலை இல்லாத தொட்டி, டெங்கு கொசுவுக்குத் தொட்டில். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், எட்டு பத்து நாளில் கொசுவாகிவிடும். முட்டையை அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும், காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதால் பயனில்லை, சுவரைத் தேய்க்க வேண்டும்.

7. கழுவுவது: இதில் அவசரப்படாதீர்கள்

குடிநீர்த் தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, போர் தொட்டியையும் சம்பையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முந்தின நாளே மோட்டார் போடாமல் தண்ணீரைப் பயன்படுத்தி இறக்கிவிடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டுக்குள் இறங்கும் வால்வை மூடிவிட்டுத்தான் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் கிளறிய வண்டல் எல்லாம் குழாய்க்குள் போய் ஷவரிலும் ஃப்ளஷிலும் அடைக்கும்.

கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சுவரில் மெல்லிய வழவழப்பு ஒன்று விரலில் ஒட்டும். கிருமிகள் தங்குவது அதில்தான். நைலான் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம். போர் தொட்டியின் அடியில் மாவு போல வெள்ளைப் படிவும் செம்மண்ணும் இருக்கும். அதை முறத்தால் அள்ளி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றியெடுங்கள். அடியில் தனி வெளியேற்றுக் குழாய் இருந்தால் வேலை பாதியாகும். இரண்டு முறை அலசுங்கள்.

அடுத்தது கிருமி நீக்கம். தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு வையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். பிறகு வால்வைத் திறந்து, வீட்டில் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசம் வரும் வரை விட்டு மூடுங்கள். தொட்டி மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் மருந்து நிற்க வேண்டும். 12 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு முழுவதும் வடித்து, வாசம் போகும் வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதுவரை யாரும் குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. இருந்தால் அதன் வால்வை முதலிலேயே மூடிவிடுங்கள், குளோரின் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் விஷவாயு வரும். பாத்ரூம் ஆசிட் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அன்றாடம் குடிக்கும் தண்ணீருக்கு அளவு வேறு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஒகேனக்கல் தண்ணீர் குளோரின் கலந்தே வருவதால் தினமும் சேர்க்கத் தேவையில்லை. தொட்டி திறந்து கிடந்தாலோ, தண்ணீர் அதிக நாள் கிடந்தாலோ சேருங்கள். பவுடர் பழசாகிக் கட்டி தட்டி, கார நெடி போயிருந்தால் அதில் சக்தி இல்லை.

சம்புக்குள் இறங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடியே கிடந்த சம்பில் காற்று குறைந்திருக்கலாம். டீசல் அல்லது பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி இயக்கினால் கார்பன் மோனாக்சைடு நிரம்பும், அதற்கு நெடியே கிடையாது. நீர்மூழ்கி மோட்டாரில் கசிவு இருந்தால் மின்சாரம் தாக்கும். மூடியை முன்கூட்டியே திறந்து வையுங்கள், மேலிருந்து ஃபேனால் காற்றடியுங்கள், எல்லா மின் இணைப்பையும் துண்டியுங்கள், இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் நகராமல். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கவே கூடாது. கயிற்றால் இழுங்கள், 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து இறக்கும் செய்திகள் எல்லாம் இப்படி நடந்தவையே.

8. கசிவு

இரவு படுக்கும் முன் தொட்டிக்குள் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள். காலையில் கோடு வெளியே தெரிந்தால் கசிவு. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள் தூள் கரைத்து, அரை மணி நேரம் கழித்துப் பீங்கானில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

9. ஒகேனக்கல் இணைப்பு இன்னும் வராத வீடுகள்

ஆர்.ஓ. வைக்கலாம். ஆனால் அது வெளியே தள்ளும் தண்ணீரில் ஃப்ளோரைடு செறிந்திருக்கும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள், மாட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் வேண்டாம். சவ்வு தேய்ந்ததும் ஃப்ளோரைடு தாண்டி வரும் என்பதால், ஆர்.ஓ. தண்ணீரையும் வருடம் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுங்கள். ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி என்றால் அது நிறைந்ததும் மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். விற்பவர் அதைச் செய்து தருவாரா என்று கேட்டு வாங்குங்கள்.

இவற்றைவிட எனக்குப் பிடித்த வழி மழைத்தண்ணீர். மழையில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 740 லிட்டர் கிடைக்கும். வருடத்துக்கு 800 மி.மீ. என்று வைத்தால் சுமார் 59,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு வருடத்துக்கு 14,600 லிட்டர் போதும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது நாம் எல்லோரும் குழாயை நிலத்துக்குள் விட்டோம், அது போருக்கு நல்லது. குடிக்க வேண்டுமானால் அதே குழாயில் ஒரு கிளையைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாத வறட்சியைத் தாண்ட 5,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று தேவை. ஒவ்வொரு மழையிலும் முதல் 100 முதல் 200 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள், கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். இறங்கு குழாயில் டீ வைத்து, அந்த அளவு பிடிக்கிற, அடி மூடிய செங்குத்துக் குழாயோ டிரம்மோ பொருத்தினால் முதல் மழை அதில் நிரம்பி, பிறகு வருவது தானாகத் தொட்டிக்குத் திரும்பும். மழை நின்றதும் அடி மூடியைக் கழற்றி அந்த அழுக்கைக் கொட்டிவிட வேண்டும். அடுத்து மணல், ஜல்லி, கரி அடுக்கிய வடிகட்டி, அதன் வாயில் கொசுவலை. மொட்டை மாடியில் மிளகாய், புளி உலர்த்துவதையும் தளத்தில் தார்ப் பூச்சு இருப்பதையும் கவனியுங்கள், தார் பூசிய தளத்துத் தண்ணீர் குடிக்க ஆகாது. மழைத்தண்ணீரில் ஃப்ளோரைடு பயம் இல்லை, கிருமி பயம் உண்டு. அதனால் இதைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், இங்கே கொதிக்க வைப்பது பலன் தரும். வடிகட்டியின் மணலை ஒவ்வொரு ஆடிக்கும் எடுத்து அலசி வெயிலில் காயவைத்து மறுபடி போடுங்கள், கரியை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.